மலையகத்துல ஆமையைக் கண்டா என்ன செய்யணும்? புதுசா கத்துக்கிறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

மழை பிடிச்சா போதும், நம்ம பக்கத்துல யாராவது ஒருத்தர் இப்படி கேட்டு மெசேஜ் போடுவாங்க: "ரோட்டுல ஒரு ஆமை போய்க்கிட்டு இருந்திச்சி, பாவம்னு வீட்டுக்கு தூக்கிட்டு வந்து பேசின்ல போட்டு வச்சிருக்கோம், என்ன சாப்பாடு குடுக்கிறது?" கேக்கிறவங்க நல்ல மனசுக்காரங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா இதுக்கு பதில் சாப்பாட்டு லிஸ்ட் இல்லங்க, எடுத்த எடத்துலயே கொண்டு போய் விடுங்க, முடிஞ்சா இன்னைக்கே விடுங்கன்றதுதான் பதில். ஏன் அப்படி, எந்த ஆமைக்கு என்ன நிலைமை, யாருக்கு போன் பண்றது, எல்லாத்தையும் புதுசா ஆமை பார்க்க ஆரம்பிக்கிறவங்களுக்கு புரியிற மாதிரி ஒரே எடத்துல எழுதி வைக்கலாம்னுதான் இது.

1. முதல்ல, இது எந்த ஆமைன்னு பாருங்க

இலங்கையில கடலை விட்டுட்டு பார்த்தா இயற்கையா இருக்கிற ஆமை மூணு வகைதான், அதனால பயப்பட வேணாம், ஒரு மணித்தியாலத்துல கத்துக்கலாம்.

நம்ம மலைநாட்டுல, அதுலயும் கண்டி, மாத்தளை பக்கம் வயல், குளம், ஓயான்னு இருக்கிற எடங்கள்ல காணக்கூடியது ரெண்டு. ஒண்ணு கருப்பு ஆமை, சிங்கள ஆளுங்க கல் இப்பான்னு சொல்லுவாங்க. ஓடு கெட்டியா கருப்பா இல்லாட்டி கருங்கபிலமா இருக்கும், கிட்ட குனிஞ்சு பார்த்தா முதுகுல நீளவாக்குல மூணு வரம்பு ஓடுறது தெரியும், நடு வரம்புதான் நல்லா எடுப்பா இருக்கும், கருப்புத் தலையில மஞ்சளோ செம்மஞ்சளோ புள்ளி புள்ளியா இருக்கும், வயசான ஆமையில அந்தப் புள்ளி மங்கிப் போயும் இருக்கலாம். தூக்கினா ஒரு மாதிரி கெட்ட வாடை விடும், அது நோய் இல்ல, பயந்துபோய் தன்னைக் காப்பாத்திக்க விடுறது. இது தண்ணியிலயும் இருக்கும் கரையிலயும் நடக்கும், ராவுல நல்லா நடமாடும்.

ரெண்டாவது பாலாமை, சிங்களத்துல கிரி இப்பா. இதோட ஓடு வேற மாதிரி, மேல வழுவழுன்னு தோல் போர்த்தின மாதிரி இருக்கும், கட்டம் கட்டமா பிரிஞ்சிருக்காது, மூக்கு குழாய் மாதிரி கூரா நீட்டிக்கிட்டு இருக்கும். கவுத்துப் பார்த்தீங்கன்னா (பார்க்க வேணாம், சொன்னா நம்புங்க) பின்னங்கால் ரெண்டும் உள்ள போனதும் அடியில ரெண்டு சதை மடல் கதவு மாதிரி வந்து மூடிக்கும். இந்தப் பாலாமையை முந்தி இந்தியாவுல இருக்கிற பாலாமையோட ஒரே இனமாத்தான் சேத்து வச்சிருந்தாங்க, பிறகு மரபணுவைப் பார்த்து இலங்கை பாலாமைன்னு தனி இனமா பிரிச்சிட்டாங்க. அதாவது இந்தத் தீவுல இல்லாமப் போச்சின்னா உலகத்துல எங்கயும் இல்ல.

மூணாவது நட்சத்திர ஆமை. மேடு மேடா ஓடு, ஒவ்வொரு மேட்டுலயும் மஞ்சள் கோடு நட்சத்திரம் மாதிரி விரியும், அழகுன்னா அழகு, அந்த அழகுதான் அதுக்கு எமன். இது தண்ணி ஆமை இல்ல, தரை ஆமை, வறண்ட பக்கத்துப் பிராணி, யால, வில்பத்து, மன்னார், புத்தளம் பக்கத்து பத்தைக் காட்டுல இருக்கிறது. ஹட்டன்லயோ நுவரெலியாவுலயோ நட்சத்திர ஆமை ஒண்ணை கண்டீங்கன்னா அது தானா நடந்து வரல, யாரோ கொண்டு வந்து வளர்த்திருக்காங்க, அதை நீங்களா பக்கத்துக் காட்டுல விட்டுடாதீங்க, குளிர்லயும் ஈரத்துலயும் செத்துடும்.

பொதுவா ஆமை வெயிலை நம்பி வாழ்ற பிராணி, அதனால மேல ஏற ஏற குறைஞ்சிக்கிட்டே போகும். நுவரெலியா உயரத்துல ஒரு ஆமையைக் கண்டா முதல் சந்தேகம் வளர்ப்பு ஆமைன்னுதான் வரணும். காதுப் பக்கத்துல சிவப்புப் பட்டை இருந்தா சந்தேகமே வேணாம், அது வளர்ப்பு மீன் கடையில விக்கிற அமெரிக்க ஆமை, அதைப் பத்தி கீழ சொல்றேன்.

2. "அழிஞ்சிக்கிட்டு வருது"ன்னா என்ன அர்த்தம்னு சரியா தெரிஞ்சிக்குங்க

இந்த எடம்தான் எனக்கு முக்கியம், கொஞ்சம் பொறுமையா வாசிங்க.

உலக அளவுல உயிரினங்களோட நிலைமையை ஐயூசிஎன்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு சிவப்புப் பட்டியல்னு போடுது. அதுல கீழ இருந்து மேல போனா, கவலை குறைஞ்சது, அபாயத்தை நெருங்கினது, பாதிக்கப்படக்கூடியது, அபாயத்துல இருக்கிறது, மிக மோசமான அபாயத்துல இருக்கிறது, அப்புறம் காட்டுல அழிஞ்சது, கடைசியா முழுசாவே அழிஞ்சது. இது ஆளுங்க உணர்ச்சிவசப்பட்டு வைக்கிற பேர் இல்ல, அளவுகோல் இருக்கு. பல அளவுகோல்ல ஒண்ணு, மூணு தலைமுறை காலத்துல, இல்லாட்டி 10 வருஷத்துல, ரெண்டுல எது நீளமோ அதுல, எண்ணிக்கை எவ்வளவு குறைஞ்சதுன்னு பார்க்கிறது. பொதுவா 30 வீதம் குறைஞ்சா பாதிக்கப்படக்கூடியது, 50 வீதம்னா அபாயம், 80 வீதம்னா மிக மோசமான அபாயம். ஆமைக்கு தலைமுறை நீளம், அதனால மூணு தலைமுறைன்னா பல பத்து வருஷம் பின்னால போய் பார்க்கணும். "எங்க வயல்ல இப்பவும் ஆமை இருக்கே, அப்புறம் என்ன அபாயம்"னு கேக்கிறவங்களுக்கு இதுதான் பதில், இன்னைக்கு கண்ணுல படுதான்றது கேள்வி இல்ல, உங்க பாட்டி காலத்துல எவ்வளவு இருந்திச்சின்றதுதான் கேள்வி.

இன்னொண்ணு, இந்தக் கணக்குல சேர்றது காட்டுல, ஓயாவுல, குளத்துல தன்பாட்டுல வாழ்ற ஆமை மட்டுந்தான். வீட்டு பேசின்ல, ஹோட்டல் தொட்டியில, கோயில் கேணியில, கிணத்துக்குள்ள இருக்கிற ஆமை உயிரோட இருந்தாலும் அந்தக் கணக்குல இல்ல. ஏன்னா அது சோடி சேராது, முட்டை போட கரை கிடையாது, குஞ்சு வராது. உயிரோட இருக்கும்போதே அதோட இனத்துக்கு அது இல்லாமப் போயிடுது. நான் இவ்வளவு பெரிய கட்டுரை எழுதுறதே இந்த ஒரு விஷயத்தை உங்க மனசுல பதிய வைக்கத்தான். ஆமையை சாப்பிடுறவங்களால மட்டும் ஆமை குறையல, ஆசையா வளர்க்கிறவங்களாலயும் குறையுது.

கோழி மாதிரி கணக்கு போட்டுடாதீங்க, ஒண்ணு போனா ஆறு மாசத்துல இன்னொண்ணு வரும்னு. ஆமை வளர்ந்து முட்டை போடுற வயசுக்கு வரவே பல வருஷம் எடுக்கும், போடுற முட்டையில பெரும்பகுதியை உடும்பு, கீரி, நாய், பன்னி தின்னுடும், மிஞ்சின குஞ்சுல பெரும்பகுதியை காக்காவும் கொக்கும் மீனும் தின்னுடும். அதுக்கு ஈடா ஆமை வச்சிருக்கிற ஒரே வழி, ஒருதரம் பெருசாயிட்டா ரொம்ப காலம் உயிரோட இருந்து வருஷா வருஷம் முட்டை போடுறதுதான். அதனால ஒரு பெரிய பெட்டை ஆமையை எடுத்துட்டா ஒரு ஆமை இல்ல போறது, இனி வரவேண்டிய அவ்வளவு வருஷத்து முட்டையும் சேர்ந்து போகுது. உலகத்துல இப்போ 350 இனத்துக்கு மேல ஆமை இருக்கு, அதுல பாதிக்கு மேல அழியிற அபாயத்துல இருக்கிறதுக்கு பெரிய காரணம் இந்த மெதுவான வாழ்க்கைதான், மனுசன் எடுக்கிற வேகத்துக்கு அதால ஈடுகொடுக்க முடியல. கலாபகோஸ் தீவுக் கூட்டத்துல பின்டா தீவு ஆமையில கடைசியா மிஞ்சின ஆண் ஆமை, லோன்சம் ஜோர்ஜ்னு பேர், 2012 ஜூன் 24ல செத்ததோட அந்த வகையே முடிஞ்சி போச்சி, அத்தனை வருஷமா அதை நல்லாத்தான் வச்சி பார்த்தாங்க, பார்த்து என்ன, சோடி இல்ல.

நம்ம நட்சத்திர ஆமை சிவப்புப் பட்டியல்ல பாதிக்கப்படக்கூடியதுன்னு இருக்கு. இந்தியா, பாக்கிஸ்தான், இலங்கை மூணு நாட்டுலதான் இயற்கையா இருக்கு, வெளிநாட்டுல வளர்ப்புக்குன்னு கடத்துறாங்க. வன உயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற சைட்டிஸ் ஒப்பந்தத்துல 2019ல இதை முதலாம் பட்டியலுக்கு உயர்த்தினாங்க, காட்டுல பிடிச்சதை நாடுவிட்டு நாடு வியாபாரம் செய்யவே கூடாதுன்றது அதோட அர்த்தம். அந்த மாநாடு கொழும்புலதான் நடக்க இருந்திச்சி, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு ஜெனீவாவுக்கு மாத்திட்டாங்க.

நல்ல செய்தியும் ஒண்ணு சொல்லணும். பச்சைக் கடலாமை ரொம்ப காலம் அபாயத்துல இருக்கிற பட்டியல்ல இருந்திச்சி, 2025 ஒக்டோபர்ல அதை கவலை குறைஞ்ச இனமா மாத்தியிருக்காங்க. பல நாட்டுல பல பத்து வருஷமா கடற்கரையைக் காத்து, முட்டை எடுக்கிறதை நிறுத்தி, வலையை மாத்தி செஞ்ச வேலைக்குக் கிடைச்ச பலன் அது. எல்லாக் கடலுலயும் ஒரே மாதிரி கூடிடல, சில எடத்துல இன்னும் மோசம்தான், ஆனா விட்டுவச்சா ஆமை திரும்பி வரும்னு இதைவிட வேற சாட்சி வேணுமா?

உலகப் பட்டியலோட நம்ம நாட்டுக்குன்னு தேசிய சிவப்புப் பட்டியலும் இருக்கு, 2012ல ஒண்ணு வெளியிட்டாங்க. உலகத்துல நல்லா இருக்கிற இனம் நம்ம நாட்டுல மோசமா இருக்கலாம், அதனால ரெண்டையும் பாருங்க. சட்டம்னு பார்த்தா 1937ஆம் ஆண்டு 2ஆம் இலக்க வனவிலங்கு தாவரப் பாதுகாப்புச் சட்டம், பிறகு பல தடவை திருத்தியிருக்காங்க, கடைசிப் பெரிய திருத்தம் 2009ல. நம்ம நாட்டு ஆமைகளைப் பிடிக்கிறது, வளர்க்கிறது, விக்கிறது, கொல்றது சட்டப்படி குத்தம். "தெரியாம வளர்த்துட்டோம்"னு பொலிஸ்ல சொல்லித் தப்பிக்க முடியாது.

3. ரோட்டுல கண்டா

மழைக்காலத்துல ரோட்டைக் கடக்கிற ஆமை வழி தவறி வந்தது இல்ல, அதுக்குப் போற எடம் தெரியும், அதுலயும் பெட்டை ஆமைன்னா முட்டை போட எடம் தேடிப் போகும். முதல்ல உங்க உயிரைப் பாருங்க, நம்ம ரோட்டு வளைவுல பஸ் எப்படி வரும்னு உங்களுக்கே தெரியும், த்ரீவீலரை வளைவுல நிப்பாட்டாதீங்க, தள்ளி ஓரங்கட்டி, ஒருத்தர் வண்டிகளுக்குக் கை காட்டட்டும்.

கருப்பு ஆமைன்னா ரெண்டு கையாலயும் ஓட்டோட ரெண்டு பக்கத்தையும், முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவுல பிடிச்சி தரையை ஒட்டியே தூக்குங்க, உயரத் தூக்கினா கால் ஆட்டி கையை நழுவிடும். வாலைப் பிடிச்சித் தூக்கவே கூடாது, முதுகெலும்பு போயிடும். பாலாமைன்னா கையால பிடிக்காதீங்க, கழுத்து நீங்க நினைக்கிறதைவிட நீளம், திரும்பிக் கடிச்சா விடாது, ஒரு பேசின்லயோ உரப்பையிலயோ தள்ளி ஏத்திடுங்க. எந்தப் பக்கம் பார்த்துப் போய்க்கிட்டு இருந்திச்சோ அதே பக்கத்துல ரோட்டுக்கு வெளிய விடுங்க. வந்த பக்கமே திருப்பி விட்டா மறுபடி ரோட்டுக்குத்தான் வரும். "இங்க தண்ணி இல்லையே, டேம்ல கொண்டு போய் விடுவோம்"னு கொத்மலைக்கோ விக்டோரியாவுக்கோ கொண்டு போறவங்க இருக்காங்க, அது உதவி இல்ல, அதுக்குத் தெரிஞ்ச எடத்தை விட்டு பிரிச்சிட்டீங்க, பழைய எடத்தைத் தேடி திரும்ப நடக்கும், நடுவுல எத்தனை ரோடு இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க.

முடிஞ்சதும் சவுக்காரம் போட்டு கை கழுவுங்க. ஆமை ஒடம்புல சல்மொனெல்லா கிருமி இருக்கலாம், சின்னப் புள்ளைங்களுக்கு வயித்தாலப் போக்கு வந்தா லேசுல விடாது. அமெரிக்காவுல குட்டி ஆமை விக்கிறதை 1975லயே தடை பண்ணினது இதுக்காகத்தான்.

4. வீட்டுக்குள்ள, கான்ல, கிணத்துல கண்டா

"ஆமை புகுந்த வீடு உருப்படாது"ன்னு நம்ம பெரியவங்க சொல்லுவாங்க, அதைக் கேட்டு அடிச்சி விரட்டுறதும், நெருப்பு வைக்கிறதும் இன்னும் சில எடத்துல நடக்குது. லயத்துக்குப் பின்னால கான் ஓடுது, மழைத் தண்ணி பெருகி வருது, ஆமை அதோட மேல ஏறி வருது, அவ்வளவுதான் விஷயம். ஒரு பெட்டியில எடுத்து, கான் போய்ச் சேர்ற பக்கத்து ஓயாக் கரையில விட்டுடுங்க, வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது. அப்பவும் மனசு கேக்கலைன்னா ஒரு சூடம் கொளுத்திக்குங்க, ஆமையை மட்டும் ஒண்ணும் செஞ்சிடாதீங்க.

கிணத்துல ஆமை விடுறது பழைய பழக்கம், பூச்சி புழுவைத் தின்னு தண்ணியை சுத்தமா வச்சிருக்கும்னு நம்புவாங்க. ஆனா ஆமை அங்கயேதான் கழிவும் போடுது, அந்தத் தண்ணியைத்தான் நீங்க குடிக்கிறீங்க. சுத்தி கல் கட்டின கிணத்துல வெயில் காய எடம் இல்ல, ஏறி வர வழி இல்ல. அப்படி ஒண்ணு உங்க கிணத்துல இருந்தா வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு போன் பண்ணிச் சொல்லிட்டு எடுத்துவிட ஏற்பாடு பண்ணுங்க.

இறைச்சி விஷயமும் பேசிடணும். பாலாமை இறைச்சி மூலத்துக்கு நல்லது, இழுப்புக்கு நல்லதுன்னு சொல்லி சாப்பிடுறாங்க. அது நோயைக் குணப்படுத்தும்னு நிரூபிச்சது எதுவும் இல்ல. இழுப்பு இருக்கிற புள்ளைக்கு ஆமைக்கறி குடுத்துட்டு பம்ப் குடுக்காம விட்டா ஆபத்து புள்ளைக்குத்தான், தயவு செஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

5. காயப்பட்டிருந்தா

ஓடு உடைஞ்சிருந்தா "இது செத்துடும்"னு விட்டுட்டுப் போயிடாதீங்க, ஓடுன்றது வெளிச்சட்டை இல்ல, விலா எலும்பும் முதுகெலும்பும் சேர்ந்து வளர்ந்ததுதான் ஓடு, அதுக்குள்ள ரத்தமும் ஓடும், வலியும் தெரியும், எலும்பு கூடுற மாதிரி அதுவும் கூடும். நீங்களா பசை, சிமெந்து, மஞ்சள்னு எதையும் பூசாதீங்க. மூடி உள்ள பெட்டியில காத்துப்போக ஓட்டை போட்டு, சுத்தமான துணி விரிச்சி, அமைதியான எடத்துல வைங்க, தண்ணியில போடக் கூடாது, காயத்துக்குள்ள தண்ணி போனா கிருமி பிடிக்கும், சாப்பாடும் திணிக்காதீங்க.

பிறகு 1992க்கு எடுங்க, அது வனஜீவராசிகள் திணைக்களத்தோட அவசர இலக்கம். கோல் எடுக்க முந்தி மூணு விஷயம் கையில வச்சிக்கங்க: சரியான எடம் (எஸ்டேட் பேரு, டிவிஷன், பக்கத்து டவுன்), என்ன மாதிரி ஆமை, என்ன காயம். தோட்டத்துப் பேரை மட்டும் சொன்னா அவங்களுக்கு எடம் பிடிக்க நேரமாகும், அதனால பக்கத்து சந்தியையும் சேத்து சொல்லுங்க. உடனே ஆள் வராட்டி பக்கத்து அரச மிருக வைத்தியர்கிட்ட கேளுங்க, கண்டிப் பக்கம்னா பேராதனைப் பல்கலைக்கழகத்துல மிருக வைத்திய பீடமே இருக்கு.

6. கடையில விக்கிற குட்டி ஆமை

பச்சையா, ரூபாக் காசு சைஸ்ல, கண்ணுக்குப் பின்னால சிவப்புப் பட்டையோட விப்பாங்க. வட அமெரிக்கா ஆமை இது, உலகத்துல மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்கள்னு ஒரு பட்டியல் இருக்கே, அதுல இதுவும் ஒண்ணு. கொஞ்ச வருஷத்துல சாப்பாட்டுத் தட்டு அளவு வளரும், 20, 30 வருஷம் வாழும், தொட்டி நாறும், புள்ளைங்க அலுத்துப்போவாங்க, கடைசியில கண்டி வாவியிலயோ கோயில் கேணியிலயோ விட்டுட்டு புண்ணியம்னு வந்துடுவாங்க. அங்க இருக்கிற நம்ம கருப்பு ஆமையோட வெயில் காயிற எடத்துக்கும் சாப்பாட்டுக்கும் இது போட்டி போடும், புது நோயும் கொண்டு வரும். வாங்காதீங்க. ஏற்கனவே வச்சிருந்தா சாகும்வரைக்கும் நல்லா வச்சிப் பாருங்க, முடியாதுன்னா வேற வளர்க்கிறவங்ககிட்ட குடுங்க, தண்ணியில மட்டும் விடாதீங்க.

7. கடற்கரைக்கு ட்ரிப் போனா

உலகத்துல இருக்கிற ஏழு கடலாமை இனத்துல அஞ்சு நம்ம கரைக்கு முட்டை போட வருது. பள்ளிக்கூட ட்ரிப்னா காலி ரோட்டுல ஆமைக் குஞ்சு பொரிக்கிற எடம் ஒண்ணுக்கு கட்டாயம் கூட்டிட்டுப் போவாங்க. குஞ்சைக் கையில தர்ற எடத்துல, நாள் கணக்கா தொட்டியில போட்டு வச்சிருக்கிற எடத்துல காசு குடுக்காதீங்க. மணல்ல இருந்து வெளிய வந்த குஞ்சுக்கு ஒடம்புல மிச்சமிருக்கிற முட்டையோட மஞ்சள் கருதான் முதல் நாள் நீச்சலுக்குப் பலம், அதைத் தொட்டியிலேயே சுத்தி சுத்தி செலவழிச்சிட்டா கடல்ல என்ன மிஞ்சும்? முட்டை போட்ட எடத்துலயே விட்டு ராக்காவல் காக்கிற, தெற்குக் கரையில இருக்கிற ரெகாவ மாதிரி எடத்துக்குப் போங்க, அங்க ப்ளாஷ் அடிக்காதீங்க, போன் லைட்டையும் அணைச்சி வைங்க.

கடல்னா நமக்கென்ன தூரம்னு நினைக்க வேணாம். நம்ம மலையில கான்ல வீசுற லஞ்ச் ஷீட்டும் உரப்பையும் ஓயா வழியா போய்ச் சேர்றது கடலுக்குத்தான், 2021ல பிளாஸ்டிக் மணியும் ரசாயனமும் ஏத்தி வந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் நம்ம கடல்ல எரிஞ்ச பிறகு எத்தனை ஆமை செத்துக் கரை ஒதுங்கிச்சின்னு எல்லாரும் டீவியில பார்த்தோம்.

8. கண்டதைப் பதிவு செய்யுங்க

மலைநாட்டு ஆமைகளைப் பத்தி எழுதி வச்சது குறைவு, அதனால உங்க போன் போட்டோவுக்கு உண்மையிலயே பெறுமதி இருக்கு. மேலிருந்து ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு, தலை தெரிய ஒண்ணு, இவ்வளவு போதும். கவுத்துப் போட்டு எடுக்காதீங்க, கையில வச்சி செல்பியும் வேணாம், அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் பிடிப்பாங்க. ஐநேச்சுரலிஸ்ட் ஆப்ல போட்டா இனத்தைப் பார்த்துச் சொல்ல ஆள் இருக்காங்க, எடத்தை மறைச்சிப் போடுற வசதியும் அதுல இருக்கு, அதைக் கட்டாயம் பாவிங்க. பேஸ்புக்ல போடுறதா இருந்தா மாவட்டம் மட்டும் எழுதுங்க, ஓயாப் பேரு, தோட்டத்துப் பேரு, பாலத்துப் பேரு வேணாம், பிடிக்கிறவனும் அதே பேஸ்புக்லதான் இருக்கான்.

முட்டை கண்டா போட்டோ எடுத்துட்டு மண்ணை மூடிடுங்க, கையில எடுத்துத் திருப்பக் கூடாது, உள்ள கரு ஒரு பக்கமா ஒட்டி இருக்கும், திருப்பினா செத்துடும். ரோட்டுல அடிபட்டு செத்தது கெடந்தாலும் போட்டோவும் திகதியும் போடுங்க, ஒரே வளைவுல மழை மாசத்துல திரும்பத் திரும்ப அடிபடுதுன்னு காட்ட முடிஞ்சா, அந்த எடத்துல ஒரு எச்சரிக்கைப் பலகையோ ரோட்டுக்கு அடியில ஒரு குழாயோ கேட்டு பிரதேச சபைக்குக் கடிதம் எழுத உங்க கையில ஆதாரம் இருக்கும்.